என் முதுகில் இன்னும் எல் போட்

பிரேக் காக்கா ஓர் அநியாயக்காரர். இதை மலை உச்சியில் வைத்து அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் வீட்டு வாசலில் நின்று அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். இப்போது அச்சிலும் சொல்கிறேன். ஆமைக்கல் மலையின் உச்சிக்கு நான் ஏறியது உண்மை. நான் பெயில் என்று அவர் சொல்வது பொய்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. கடல் அலைகூட அடித்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கும். இவர் வாங்கமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் அவர் காக்கா, அதாவது அண்ணன். சாய்ந்தமருதில் லேனர்ஸ் நடத்துகிறார். வாகனம் ஓட்டப் பழக்குகிற பள்ளிக்கூடம். அவருடைய காரில் பழக்குகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவர் கால் அதன் மேலேயே கிடந்து பழகிவிட்டது. இப்போது எதில் போனாலும் மிதிப்பார். பஸ்ஸில் மிதிப்பார், ஆட்டோவில் மிதிப்பார். ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருவன் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வந்தான். காக்கா ஓங்கி மிதித்தார். மிதிபட்டது என் கால்.

"காக்கா, அது என்ட கால்!"

"அவன் நிண்டானா இல்லையா? அதப் பாரு."

அவன் நின்றுவிட்டான்தான். நான் போட்ட சத்தத்தில் யார்தான் நிற்கமாட்டார்கள்?

இந்த மனிதருக்கு மலைப் பைத்தியம் பிடித்த கதை வேடிக்கையானது. எங்கள் ஊர்கள் தட்டையானவை. கிழக்கே கடல், மேற்கே வட்டை என்று நாங்கள் சொல்கிற நெல்வயல் வெளி. பள்ளிவாசல் மினாராவை விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. எங்களுக்கு ஏற்றம் என்றால் பாலத்தில் சைக்கிள் மிதிப்பது. ஆனால் லைசன்ஸ் எடுக்கப் போகிறவன் ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின்னால் வழுக்காமல் எடுக்கப் பழக வேண்டும். கடற்கரை மணலில் ஏற்றத்துக்கு எங்கே போவது? காக்கா பழகுகிறவர்களை அம்பாறைக்கும் அப்பால் கூட்டிப்போவார். அப்படிப் போன ஒரு நாள், ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொன்னவர், எதிரே நின்ற மலையைப் பார்த்தார். "கைப்பிரேக்க இழுத்துப் பிடிச்சுக்க, இந்தா வாறன்" என்று இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது பிற்பகல் அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. காருக்குள் இருந்த மனிதர் இரண்டு கையாலும் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இருந்தாராம். அவர் அதற்குப் பிறகு லைசன்ஸ் எடுக்கவில்லை. சைக்கிளில்தான் போகிறார்.

அந்தப் பக்கம் பெரிய மலைகள் இல்லை. வயலுக்கு நடுவே முளைத்த கரும்பாறைகளும் காடு போர்த்திய குட்டி மலைகளும்தான். விடிந்து ஏறினால் பொழுது படுமுன் இறங்கிவிடலாம். அடிவாரத்தில் ஒரு குளம். குளத்தில் தாமரை. வரம்பில் மயில். வேறு சத்தம் இல்லை. ஹோர்னும் ஒலிபெருக்கியும் கேட்டுப் பழகிய எங்களுக்கு அங்கே இறங்கியதும் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். எங்களோடு வந்த பேக்கரி ஹாஜியார் முதல் நாள் இரண்டு காதிலும் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

காக்கா மலையையும் லேனர்ஸ் போலத்தான் நடத்தினார். ஏறுவதற்குப் பெயர் ட்ரயல். முதல் தரம் வருகிறவன் முதுகில் சிவப்பு எழுத்தில் எல் போட். லேனர்ஸ் காரில் கட்டுவார்களே, அதே தகரம். உச்சிக்கு ஏறிப் பாஸானால் அங்கேயே கழற்றுவார். பெயிலானால் அதோடுதான் கீழே இறங்க வேண்டும். மலையடியில் ஒரு சிங்கள விவசாயி வீட்டு முற்றத்தில்தான் வேனை விடுவோம். பாவம், நல்ல மனிதர். நாங்கள் இறங்கி வரும்போது ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆட்கள் ஆறு பேர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏனென்றால் சஹனுக்கு ஆறு பேர். எங்கள் விருந்துகளில் சோற்றைப் பெரிய தட்டில் போட்டு ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிடுவோம். அந்தத் தட்டுத்தான் சஹன். ஆறாவது ஆள் உட்காரும்வரை எவரும் கை வைப்பதில்லை. ஐந்து பேராகச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, வாசலைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கியவர்களுக்கு அந்தப் பசி தெரியும். காக்கா அந்தப் பசியை மலைக்குக் கொண்டுபோனார். சஹன் உச்சியில்தான் விரிக்கப்படும். ஆறு பேரும் வந்தால்தான் சோற்றுச் சட்டி திறக்கும்.

"பசிதான் தம்பி எஞ்சின். மத்ததெல்லாம் பொடி, வெறும் கூடு" என்பார்.

சோற்றுச் சட்டியை மாறி மாறித் தூக்குவோம். சஹன் தட்டை வேன் சாரதி சாரனால் முதுகில் கட்டிக்கொள்வான். அது வெயிலில் மின்னும். வயலில் நிற்கிறவர்களுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி தானாக மலை ஏறுவது போலத் தெரியுமாம். அந்த விவசாயி சொன்னார்.

நான் முதன்முதல் போன அணியைச் சொல்கிறேன். காக்கா, வேன் சாரதி, பேக்கரி ஹாஜியார், என் பெண்சாதியின் தம்பியான டெயிலர் மச்சான், காரைதீவுச் சிவம் சேர், நான். சிவம் சேர் பள்ளிக்கூட ஆசிரியர், சைவம். சைவக்காரருக்கும் கோழிக்கும் ஒரே சஹனா என்று நாங்கள் யோசித்தோம். காக்கா யோசிக்கவில்லை. கத்தரிக்காய்ப் பொரியலை அள்ளிச் சோற்றுக்கு நடுவே ஒரு வரம்பு கட்டினார். இந்தப் பக்கம் சேருக்குப் பருப்பு, அந்தப் பக்கம் எங்களுக்குக் கோழி. அன்று சாப்பாட்டின் நடுவே சேர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"காக்கா, உங்கட கோழி வரம்பு உடைச்சு என்ட வட்டைக்குள்ள மேய வருது. கட்டி வையுங்க."

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சோறும் வரம்பு தாண்டியது.

ஆனால் அந்தச் சோறு விரிக்கப்பட்ட இடம்தான் பிரச்சினை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

அன்று நாங்கள் ஏறிய ஆமைக்கல்லின் உச்சி ஆமையின் ஓடு மாதிரி வழுவழுப்பான பாறை. ஏறுகிறவன் அதற்குச் சற்றுக் கீழே ஒரு தட்டுப் பாறையில் மூச்சு வாங்கிவிட்டு, கடைசி ஏற்றத்தை எடுக்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் எடுத்துவிட்டார்கள். நான் தட்டுப் பாறையில் நின்று கீழே பார்த்தேன். குளம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தெரிந்தது. பக்கத்தில் ஒரு மரவேர். பிடித்தேன். பிடித்த கை திறக்கவில்லை.

மேலேயிருந்து காக்கா கத்தினார்: "முதலாம் கியரப் போடு!"

"எனக்கிட்டக் கியர் இல்ல காக்கா!"

"கிளச்ச மெல்ல விடு!"

"எத விடுற? வேர விட்டா மௌத்துத்தான்!"

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. ஆள்தான் ஓடல்ல!"

மேலே சஹன் வைத்தாயிற்று. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தாயிற்று. கோழி வாசம் எனக்கே வருகிறது, அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சிவம் சேர் ஆங்கிலத்தில் எனக்குத் தைரியம் சொன்னார். டெயிலர் மச்சான் என் பரம்பரையையே இழுத்தான். அவன் அக்காவைத்தான் நான் கட்டியிருக்கிறேன் என்பதையும் மறந்துவிட்டான். பேக்கரி ஹாஜியார் முதலில் எனக்காக துஆக் கேட்டார். பிறகு ஏசினார். கடைசியில் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்:

"மலை அவனுக்கிட்டப் போகாது. சஹன் போகும். தூக்குங்கடா!"

காக்கா எவ்வளவோ மறித்தார். பசித்த மனிதருக்கு முன்னால் பிரேக் வேலை செய்யவில்லை. சஹன் இறங்கி வந்தது. தட்டுப் பாறையில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். அதைப் போல ருசியான சோறு நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிடவில்லை. சாப்பிட்ட பிறகு மிச்சத்தை ஏறலாம் என்றுதான் நினைத்தேன். கோழிச் சோறு சாப்பிட்ட பிறகு எந்த மனிதன் மலை ஏறுவான்?

"பெயில்" என்றார் காக்கா.

இங்கேதான் என் வழக்கு. இதற்கு முன்னால் வேறொரு மலையில், உச்சியில் குளவிக் கூடு இருந்ததால் காக்கா கீழேயே சஹனை விரித்திருக்கிறார். "சஹன் வைக்கிற எடந்தான் உச்சி" என்று அன்றைக்குச் சொல்லி எல்லாரையும் பாஸ் பண்ணியிருக்கிறார். அது அவர் வாயால் வந்த சட்டம். அப்படியானால் ஆமைக்கல்லில் சஹன் வைத்த இடம் எது? தட்டுப் பாறை. சஹன் வருமுன்பே அங்கே நின்றுகொண்டிருந்தது யார்? நான். உண்மையில் மற்ற ஐந்து பேரும் உச்சியைத் தாண்டி வீணாக மேலே போய்விட்டு வந்தவர்கள்.

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்: "அது குளவி. இது பயம். குளவி மலையிட பிழை. பயம் ஒன்ட பிழை."

வழக்கு ஊருக்கு வந்தது. தேத்தண்ணிக் கடையில் இரண்டு கட்சி பிரிந்தது. சட்டப்படி நான் பாஸ் என்று ஒரு கட்சி. என் உடம்பைப் பார்த்துவிட்டுப் பெயில் என்று மறு கட்சி. ஒரு மௌலவியிடமும் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பாடு எல்லாருக்கும் கிடைச்சிச்சா?"

"ஓம் ஹஸ்ரத்."

"யாரும் விழுந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அல்ஹம்துலில்லாஹ் சொல்லித்து வீட்ட போங்க."

எனக்கு அது போதவில்லை. நான் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு நான் வைத்த பெயர் இப்போது எவருக்கும் ஞாபகமில்லை. எல் போட் கடை என்று சொன்னால்தான் ஆட்டோக்காரர் இறக்கிவிடுகிறார். அரைக் கிலோ ஆணி வாங்க வருகிற சின்னப் பெடியன்கூட முதலில் என் முதுகைத்தான் பார்க்கிறான். ஆகவே திரும்பவும் போனேன். ஏறியே தீருவது என்று போனேன்.

இரண்டாம் ட்ரயலில் உச்சிக்கே ஏறினேன். கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினேன். "நாலு வீல் டிரைவ்ல ஏறினது கணக்கில்ல" என்றார். அடுத்த தரம் இரண்டு காலால் ஏறினேன். இறங்கும்போது அந்த ஆமையோட்டுப் பாறையில் உட்கார்ந்து வழுக்கி வந்தேன். காற்சட்டையின் பின்பக்கம் பாறையிலேயே தங்கிவிட்டது. "ரிவர்ஸ் பெயில்" என்றார். கீழே முற்றத்தில் நின்ற விவசாயி என் முதுகைப் பார்த்தார், அதற்கும் கீழே பார்த்தார், தலையில் கை வைத்தார்.

"மாத்தயா, இன்னைக்கியும் பெயில்தானா?"

அவர் வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு சட்டித் தயிர் கொண்டுவந்து என்னிடம் தந்தார். மற்ற ஐந்து பேருக்கும் கொடுக்கவில்லை. அங்கே நான் பெயிலாவதில் அப்படி ஒரு லாபம் இருந்தது. அதையும் மறைக்கமாட்டேன்.

இப்படியே எத்தனையோ சனிக்கிழமை. விடிய சுபஹ் தொழுதுவிட்டு வேனில் ஏறுவோம். காக்கா சாரதிக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வளைவிலும் வெறும் தரையை மிதித்துக்கொண்டு வருவார். அந்த இடத்தில் கால்விரிப்பு ஓட்டையாகி, அதற்குக் கீழே ரோட்டே தெரியும். ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். ஏறினார்கள், பாஸானார்கள், எல் போட்டைக் கழற்றிப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். என் முதுகுத் தகரம் மட்டும் கழலவில்லை. ஒரு நாள் ஆயத்தங்களோடுதான் போனேன். புதுச் சப்பாத்து. இரவு இடியப்பம் மட்டும். கடைசி ஏற்றத்தில் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கை ஊன்றினேன் என்று எவனும் சொல்லக் கூடாது. நிமிர்ந்து நடந்து உச்சியில் போய் நின்றேன்.

அங்கே நின்று கிழக்கே பார்த்தேன். வட்டைக்கு அப்பால், வானத்துக்குக் கீழே, மெல்லிய நீலக் கோடு. எங்கள் கடல். அதன் ஓரத்தில் எங்கள் ஊர்கள் முழுவதும், என் கடையும், என்னை எல் போட் என்று கூப்பிடுகிற அத்தனை வாய்களும் சேர்ந்து ஒரு தென்னங்கீற்று அளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். பக்கத்தில் காக்காவும் சிரித்தார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் மகனுக்கு லைசன்ஸ் கிடைத்த மாதிரி இருந்தது.

பிறகு அந்த முகம் மாறியது. என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சப்பாத்தைப் பார்த்தார். நூல் கட்டியிருந்ததைப் பார்த்தார். கையைப் பார்த்தார், மண் இல்லை. பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தார்.

"இது என்ன சத்தம்?"

"மூச்சு காக்கா."

"சைலன்ஸர் சரியில்ல. பெயில்."

அங்கே வைத்துத்தான் அவரை அநியாயக்காரர் என்று சொன்னேன். எல் போட்டைக் கழற்றி எறிந்தேன். இனி உங்கள் சஹனில் உட்காரமாட்டேன் என்று சொன்னேன். அவர் குனிந்தார். தகரத்தை எடுத்து மண்ணைத் துடைத்தார். வேனில் திரும்பினோம். வளைவுகளில்கூட அவர் மெதுவாகத்தான் மிதித்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. ஆனால் கோபம் ஆறவில்லை. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். அக்கம்பக்கத்து யன்னல்கள் திறந்தன. கடைசியில் அவருடைய பெண்சாதி வெளியே வந்தார். எனக்கு மதினி முறை.

"கத்தி முடிஞ்சா உள்ளுக்க வாங்க தம்பி. தேத்தண்ணி ஊத்திரிக்கன்."

"காக்கா எங்க மதினி?"

"அவர் படிப்பிக்கப் போயித்தார். நீங்க இவ்வளவு நேரமும் கதவுக்குத்தான் ஏசின."

உள்ளே போனேன். அலுமாரிக்கு மேலே சஹன் தட்டு. மின்னியது.

"மதினி, நீங்களே சொல்லுங்க. நான் ஏறினனா, இல்லையா?"

"ஏறிரிக்கிங்க. அண்டைக்கு வந்ததும் வராததுமா என்னக்கிட்டத்தான் சொன்னார். ரெண்டு கையையும் பொக்கட்டுக்குள்ள போட்டுக்கிட்டு, பெரிய தொர மாதிரி ஏறிட்டாண்டி எண்டு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி வந்திச்சு மனிசனுக்கு."

"மறுகா ஏன் பெயிலாக்கின?"

மதினி தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார்.

"டெயிலரப் பாஸ் பண்ணினாரே, மறுகா டெயிலர் வந்தாரா?"

இல்லை.

"பேக்கரி ஹாஜியார்?"

படத்தைச் சட்டம் போட்டுப் பேக்கரியில் மாட்டினார். அதற்குப் பிறகு வரவில்லை.

"சிவம் சேர்?"

டியூஷன் என்றார்.

"லேனர்ஸ்லயும் அப்படித்தான் தம்பி. லைசன்ஸ் கையில கிடைக்கிற வரைக்கும் காக்கா, காக்கா. கிடைச்சா மறுகா ரோட்டுல கண்டாலும் ஹோர்ன் அடிக்கிறல்ல. நீங்க ஒராள்தான் பெயில். நீங்க ஒராள்தான் வாற."

நான் அலுமாரிக்கு மேலே பார்த்தேன்.

"இப்ப நீங்களும் இல்ல. வெள்ளிக்கிழமை அந்தியில அந்தச் சஹன எடுத்துத் தேய்ச்சுக் கழுவுறார். விடிஞ்சா, ஆறு பேர் சேரல்ல எண்டு திருப்பி மேல வைக்கிறார். நான் சொன்னன், போய்க் கூப்பிடுங்களன் எண்டு. அவனாத் திரும்பி வரணும், பெயிலான ஆள்தான் திரும்பத் தேதி எடுக்கணும் எண்டுறார்."

பிடிவாதத்தைப் பார்த்தீர்களா? ஆரம்பத்திலேயே சொன்னேன்.

ஆகவே பகிரங்கமாகக் கேட்கிறேன். டெயிலர் மச்சான், பேக்கரி ஹாஜியார், சிவம் சேர், உங்கள் மூன்று பேரையும் முதலில் கேட்கிறேன். பாஸானால் மலை முடிந்துவிட்டதா? வேன் சாரதி எப்போதும் தயார். ஆறு பேருக்குக் குறைவது நீங்கள்தான். வருவீர்களா, மாட்டீர்களா? கத்தரிக்காய் வரம்பு என் பொறுப்பு.

அடுத்து உங்களிடம் கேட்கிறேன் காக்கா. எனக்கு வீட்டுக்குள் தேத்தண்ணியோடு சொல்கிற பதில் வேண்டாம். என்னை ஊரறியப் பெயிலாக்கினீர்கள், ஊரறியப் பதில் சொல்லுங்கள். இதே பத்திரிகையில், கல்முனையும் காரைதீவும் வாசிக்க எழுதுங்கள்: ஆமைக்கல்லில் நான் பாஸா, பெயிலா?

பெயில் என்றால், வருகிற சனிக்கிழமை சுபஹ் தொழுத கையோடு முதுகைத் திருப்பிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பேன், தகரத்தைக் கட்டிவிடுங்கள். பாஸ் என்று எழுத நினைத்தால் மட்டும் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசியுங்கள். எனக்கு இன்னும் சரியாக மூச்சுவிடத் தெரியாது காக்கா.